16 மி.மீ. நெகட்டிவ் ஸ்கேன்: சில ஷாட்களில் மட்டும் நிழல் பச்சையாக வருகிறது, எதை நம்புவது?

சுருள்பெட்டி:

வணக்கம். 1980களின் நடுவில் எடுத்த 16 மி.மீ. ஆவணப்படம் ஒன்றை மீட்டெடுக்கும் வேலையில் இருக்கிறேன். வெட்டிய நெகட்டிவ் ஏ, பி என்று இரண்டு ரோல்களாக (ஷாட்களை மாற்றி மாற்றி வைத்தவை) நல்ல நிலையில் கிடைத்தது. கேனில் ஒட்டிய சீட்டில் ஈஸ்ட்மன் 7247, 7294 என்று இரண்டு ஸ்டாக்கும் (ஃபிலிம் வகை) எழுதியிருக்கிறது. அந்தக் காலத்துப் பிரிண்ட் ஒன்றும் கையில் உண்டு. ஆனால் அது வெளுத்து, படம் முழுக்கச் சிவந்து கிடக்கிறது.

ஸ்கேன் செய்து கொடுத்தவர்கள் 10 பிட் லாக் டிபிஎக்ஸ் (ஃபிரேமுக்கு ஒரு படக் கோப்பு, எண்கள் லாகரிதம் அளவில்) கொடுத்தார்கள். கூடவே பார்வைக்கு என்று ஒரு புரோரெஸ் வீடியோ ஃபைல். சிக்கல்கள் இவை.

புரோரெஸில் ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் நிறம் சற்று நேரம் நகர்ந்து பிறகுதான் நிலைக்கிறது. டிபிஎக்ஸில் அப்படி இல்லை. டிபிஎக்ஸை டாவின்சி ரிசால்வ் என்ற கிரேடிங் (நிறத் திருத்த) மென்பொருளில் போட்டு, உள்ளேயே இருக்கும் கோடக் 2383 பிரிண்ட் லட்டை (பிரிண்டின் தோற்றத்துக்கு நிறத்தை மாற்றும் அட்டவணை) ஏற்றினால் பெரும்பாலான ஷாட்கள் பரவாயில்லை. சில ஷாட்களில் மட்டும் நிழல் பகுதி பச்சை அடிக்கிறது. அதே டிபிஎக்ஸை வேறொரு மென்பொருளில் திறந்தால் படம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளிறிப்போகிறது. ரிசால்விலிருந்து வெளியே எடுத்த ஃபைலை மேக்கில் குவிக்டைமில் பார்த்தால் இன்னொரு விதம்.

எந்த நிறத்தைச் சரி என்று எடுத்துக்கொள்வது? ஏசஸ் (எல்லா மூலங்களையும் ஒரே நிற அமைப்புக்குக் கொண்டுவரும் முறை) வழியில் போனால் இதெல்லாம் தானாகத் தீருமா? சிவந்துபோன பிரிண்டை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாமா?

டைமர்25:

நான் லேபில் கலர் டைமிங் (பிரிண்டர் விளக்கை மாற்றி ஷாட்டின் நிறத்தைச் சரி செய்வது) பார்த்துவிட்டு டிஜிட்டல் கிரேடிங்குக்கு வந்தவன். அந்தப் பழக்கத்தில்தான் சொல்கிறேன். லட், ஏசஸ் எல்லாவற்றையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் டிபிஎக்ஸில் இருக்கும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கோடக் வகுத்த சினியான் முறையில் எழுதிய 10 பிட் லாக் ஃபைலில் ஒவ்வொரு எண்ணும் நெகட்டிவின் அடர்த்தியைக் குறிக்கிறது. ஒரு எண் என்பது 0.002 அடர்த்தி. 500 எண் ஏறினால் அடர்த்தி 1.0 ஏறியிருக்கிறது என்று பொருள். வெளிச்சமே படாத பேஸ், அதாவது ஆரஞ்சு மாஸ்க்கோடு இருக்கும் வெறும் ஃபிலிம், மூன்று சேனலிலும் 95இல் நிற்க வேண்டும். 90 சதவீத வெள்ளை ஏறக்குறைய 685இல் வரும். நெகட்டிவின் காமா, அதாவது ஒளி கூடும்போது அடர்த்தி ஏறும் வேகம், சுமார் 0.6. அதனால் கேமராவில் ஒரு ஸ்டாப் (ஒளி இரு மடங்கு) கூடினால் நெகட்டிவில் 0.18 அடர்த்தி கூடும், ஃபைலில் 90 எண். இந்த 95ஐயும் 90ஐயும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கவனித்தீர்களா, இதில் எங்கும் நிறம் என்ற பேச்சே வரவில்லை. நெகட்டிவில் இருப்பது சயான், மெஜந்தா, மஞ்சள் சாயங்களின் அளவு மட்டும்தான். ஒரு பிரிண்ட் ஸ்டாக் அதை எப்படிப் பார்க்கிறதோ, அதன் பிறகுதான் திரையில் நிறம் பிறக்கிறது. டிஜிட்டலில் அந்தப் பிரிண்ட் ஸ்டாக்கின் இடத்தில் லட் உட்கார்ந்திருக்கிறது. லட்டுக்குள் போகிற எண் சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல லட்டாலும் பயன் இல்லை.

இப்போது உங்கள் சிக்கல்கள். புரோரெஸில் ஷாட்டின் தொடக்கத்தில் நிறம் நகர்கிறது என்றால் அதில் தானியங்கி கலர் பேலன்ஸ் ஓடியிருக்கிறது. ஏ-பி ரோல் நெகட்டிவில் ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவில் கறுப்பு லீடர் இருக்குமல்லவா? ஒளியே புகாத அந்த லீடர், ஸ்கேனரின் கணக்கில் உச்சபட்ச வெள்ளை. அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஷாட்டுக்கு வரும்போது தானியங்கி தன்னைச் சரி செய்துகொள்ளச் சில ஃபிரேம்கள் எடுக்கிறது. எடிட்டிங் வரிசை பார்க்க மட்டும் அந்த ஃபைலை வைத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு அதைத் திறக்கவே வேண்டாம்.

வேறு மென்பொருளில் வெளிறுவது பெரும்பாலும் ஹெடரின், அதாவது ஃபைலின் தொடக்கத்தில் இருக்கும் குறிப்பின், வேலை. டிபிஎக்ஸ் ஹெடரில் 801ஆம் பைட்டில் டிரான்ஸ்ஃபர் வகை எழுதப்படுகிறது. அங்கே 1 என்றால் பிரிண்டிங் டென்சிட்டி, 2 என்றால் லீனியர், 3 என்றால் லாகரிதம். உள்ளே லாக் தரவை வைத்துவிட்டு ஹெடரில் லீனியர் என்று எழுதிய ஃபைல்கள் ஏராளமாகச் சுற்றுகின்றன. சில மென்பொருள்கள் ஹெடரை நம்பும், சில கண்டுகொள்ளாது. ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் அந்தப் பைட்டைப் பார்த்துவிட்டு, மென்பொருளில் உள்ளீட்டு வகையைக் கையால் லாக் என்று வைத்துவிடுங்கள்.

சில ஷாட்களில் மட்டும் வரும் பச்சைக்கு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. ஆனால் எண்ணைப் பார்க்காமல் சொல்ல விருப்பமில்லை. ஸ்கேன் ஓவர்ஸ்கேனாக (ஃபிரேமுக்கு வெளியேயும் சேர்த்து) எடுத்திருந்தால் ஃபிரேமின் விளிம்புக்கும் துளைக்கும் நடுவில் வெளிச்சம் படாத ஒரு பட்டை தெரியும். லட், நோட் (ஒவ்வொரு திருத்தப் படி) எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்தப் பட்டையில் பிக்கரை (ஒரு புள்ளியின் எண்ணைக் காட்டும் கருவி) வைத்து மூன்று சேனல் எண்ணையும் எழுதுங்கள். நல்ல ஷாட்களில் சில, பச்சை ஷாட்களில் சில. துளைக்குள்ளேயும் ஒரு முறை பாருங்கள். அங்கே ஃபிலிமே இல்லை, பேஸைவிட அடர்த்தி குறைவு. ஆகவே 95க்கும் கீழே, அநேகமாக 0இல் இருக்க வேண்டும்.

காப்பகவாசி:

பிரிண்டைப் பற்றி நான் சொல்கிறேன். இதுதான் என் அன்றாட வேலை.

சிவந்த பிரிண்டை நிறத்துக்கு ஒப்பீடாக வைக்காதீர்கள். சயான் சாயம்தான் அதிகமாகப் போயிருக்கும். அதனால் கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் கருஞ்சிவப்பாகிவிடுகிறது. வெளிச்சமான பகுதிகளில் சாயமே குறைவாக இருப்பதால் அங்கே இழப்பும் குறைவு. ஆக ஒரே ஃபிரேமில் வானம் ஓரளவு நம்பும்படி இருக்கும், நிழல் நம்பவே முடியாதபடி இருக்கும். இதைக் கண்ணால் பார்த்து, மனதுக்குள் திருத்தி, அதைத் தரமாக வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம் கண் அந்தச் சிவப்புக்குச் சீக்கிரமே பழகிவிடும்.

ஆனால் அந்தப் பிரிண்டைத் தூர வைத்துவிடவும் வேண்டாம். அதில் வேறு செய்திகள் இருக்கின்றன. எந்தக் காட்சியை இரவு போலத் தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றே இருட்டாக அடித்திருக்கிறார்கள், டிசால்வ் எத்தனை ஃபிரேம், ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது ஒளி ஏறுகிறதா இறங்குகிறதா, இவையெல்லாம் சாயம் போனாலும் போகாது. நெகட்டிவை மட்டும் பார்த்தால் பகலில் எடுத்து இரவாக்கிய காட்சி பகலாகவே தெரியும். அதைப் பளிச்சென்று கிரேட் செய்து வெளியிட்ட படங்கள் உண்டு.

பிரிண்டையும் ஸ்கேன் செய்யப் போகிறீர்கள் என்றால் நெகட்டிவுக்கு வைத்த அமைப்பை அப்படியே வைக்க வேண்டாம். நெகட்டிவின் வீச்சு சுமார் 2 அடர்த்திக்குள் அடங்கிவிடும், 10 பிட் சினியான் அளவுக்கு அது போதும். பிரிண்டின் கறுப்பு 3ஐத் தாண்டிப் போகும். 0.002 வீதம் 1023 எண்ணில் அது கொள்ளாது. பிரிண்டுக்கு 16 பிட் கேளுங்கள். ஸ்கேனரில் இரட்டை வெளிச்சம் கொடுக்கும் வசதி இருந்தால் அதையும் கேளுங்கள்.

முக்கியமான ஒன்று. கேன்களை முழுக்கத் துழாவிவிட்டீர்களா? பல கேன்களில் லேபின் டைமிங் சீட்டோ, துளையிட்ட காகித நாடாவோ மடித்துச் செருகியிருக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்று எண்கள் வரிசையாக இருக்கும். கிடைத்தால் இங்கே சொல்லுங்கள். உங்கள் டைமர் நண்பருக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும்.

சுருள்பெட்டி:

இருவருக்கும் மிக்க நன்றி. எண்களை எடுத்துவிட்டேன்.

ஹெடரில் 801ஆம் பைட் 2. அதாவது லீனியர் என்று எழுதியிருக்கிறது! கையால் லாக் என்று மாற்றியதும் இரண்டு மென்பொருளிலும் ஒரே படம்.

நல்ல ஷாட்கள்: ரோலின் தொடக்கம், நடு, முடிவு என்று எங்கே பார்த்தாலும் விளிம்புப் பட்டை சிவப்பு 96, பச்சை 95, நீலம் 96. ஒன்றிரண்டு எண் அங்கே இங்கே நகர்கிறது, அவ்வளவுதான். துளைக்குள் 0.

பச்சை ஷாட்கள்: சிவப்பு 97, பச்சை 120, நீலம் 108. இவையும் தங்களுக்குள் ஒரே மாதிரி இருக்கின்றன. எல்லாமே உள்ளரங்கு அல்லது இரவுக் காட்சிகள்.

இன்னொரு செய்தி. கேனின் அடித்தட்டில் மடித்த சீட்டு ஒன்று இருந்தது! ஷாட் எண், அடிக் கணக்கு, பக்கத்தில் 27-31-24 என்கிற மாதிரி மூன்று மூன்று எண்கள். காப்பகவாசி சொல்லாவிட்டால் அந்தத் தட்டைத் தூக்கியே பார்த்திருக்க மாட்டேன்.

டைமர்25:

அந்தச் சீட்டு பெரிய சொத்து. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் நல்ல செய்தி. ஒரே ஸ்டாக் ரோல் முழுக்க ஒரே எண்ணைக் காட்டுகிறது என்றால் டிபிஎக்ஸில் தானியங்கி திருத்தம் எதுவும் கலக்கவில்லை. ஸ்கேனர் ஒரே அமைப்பில் ஓடியிருக்கிறது. இது கெட்டுப்போயிருந்தால் மறுபடி ஸ்கேன் செய்வதைத் தவிர வழியே இல்லை. ஷாட்டுக்கு ஷாட் மாறிய ஒரு திருத்தத்தைப் பின்னால் பிரித்தெடுக்க யாராலும் முடியாது.

பச்சை ஷாட்கள் 7294ஆக இருக்க வேண்டும். உள்ளரங்கு, இரவு என்கிறீர்கள், அது வேகமான ஸ்டாக், பொருந்துகிறது. ஸ்கேன் செய்தவர்கள் ரோலின் தொடக்கத்தில் இருந்த 7247இன் பேஸை வைத்து 95ஐ அமைத்துவிட்டு அப்படியே ஓட்டியிருக்கிறார்கள். 7294இன் பேஸ் வேறு. பச்சை சேனலில் 25 எண் கூடுதல், அதாவது 0.05 அடர்த்தி. நீலத்தில் 12, 13. லேப் கணக்கில் ஒரு பிரிண்டர் பாயின்ட் 0.025. ஆக நீங்கள் பார்க்கும் பச்சை, பச்சையில் இரண்டு பாயின்ட், நீலத்தில் ஒரு பாயின்ட். அந்த நாளில் டைமர் இதைப் பிரிண்டர் விளக்கை நகர்த்தியே சரி செய்திருப்பார்.

லாக் ஃபைலில் அதற்கு நேர் இணை ஆஃப்செட்தான். அடர்த்தியோடு அடர்த்தியைக் கூட்டுவதோ கழிப்பதோதான் ஆஃப்செட் செய்வது, விளக்கு செய்ததும் அதுவே. ஒரு பாயின்டுக்கு 12.5 எண். 7294 ஷாட்கள் அனைத்தையும் ஒரு குழுவாக்கி, பச்சையில் 25ம் நீலத்தில் 12ம் இறக்குங்கள். மென்பொருளின் பொத்தான் ஒரு தட்டுக்கு எவ்வளவு நகர்கிறது என்பதை நம்பாமல், விளிம்புப் பட்டையில் பிக்கரை வைத்துக்கொண்டு 95 வரும்வரை இறக்குங்கள். இந்த நோட் லட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். லட்டுக்குப் பின்னால் வைத்தால் பிரிண்ட் வளைவில் ஏற்கெனவே வளைந்துவிட்ட எண்ணைக் கழிப்பீர்கள். நிழல் சரியாகும்போது முகம் போய்விடும்.

இதைச் செய்த பிறகு வெளிச்சமான பகுதிகளைப் பாருங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். எண் ஏறியிருப்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

பேஸ் அல்லது மாஸ்க் அடர்ந்திருப்பதுதான் காரணம் என்றால் அந்தக் கூடுதல் ஃபிரேம் முழுக்கச் சமமாகப் படிந்திருக்கும். ஆஃப்செட் போட்டதும் நிழலும் வெளிச்சமும் சேர்ந்தே சரியாகிவிடும்.

ஃபாக் காரணம் என்றால், அதாவது டெவலப் செய்வதற்கு முன்பே ஸ்டாக் பழசாகியிருந்தால், கூடுதல் அடர்த்தி நிழலில்தான் அதிகம். வெளிச்சம் நன்றாகப் பட்ட இடத்தில் அந்தக் குருணைகள் எப்படியும் டெவலப் ஆகியிருக்கும், அங்கே புதிதாகக் கூட ஒன்றும் இல்லை. அப்போது முழு ஆஃப்செட் போட்டால் நிழல் சரியாகி, வெளிச்சம் மெஜந்தாவுக்குச் சாயும். நடு சாம்பல் சரியாகும் அளவுக்கு மட்டும் ஆஃப்செட் கொடுத்துவிட்டு, மீதியை லாக் வீலில் (நிழல், நடு, வெளிச்சம் என்று தனித்தனியாகத் திருத்தும் சக்கரம்) நிழல் பகுதியில் மட்டும் இறக்குங்கள். வரம்பைத் தாழ்வாக, 200 எண்ணை ஒட்டி வைத்தால் முகம் வரை ஏறாது.

மூன்றாவது, சாயம் மங்குவது. இது பேஸில் தெரியாது. சாயம் எவ்வளவு இருந்ததோ அதில் ஒரு விகிதம் போகிறது, அடர்த்தியான இடத்தில்தான் இழப்பு அதிகம். பிரிண்டில் அடர்த்தியான இடம் நிழல், அதனால்தான் காப்பகவாசி சொன்ன மாதிரி நிழல் சிவக்கிறது. நெகட்டிவில் அடர்த்தியான இடம் வெளிச்சம். மஞ்சள் சாயம் மங்கிய நெகட்டிவில் நிழல் ஒழுங்காக இருக்கும், வெள்ளைச் சட்டையும் வானமும் மஞ்சள் பூசியிருக்கும். இதை ஆஃப்செட்டால் திருத்த முயன்றால் ஓயாத போராட்டம். கெயின்தான், அதாவது பெருக்கல்தான் வேண்டும், அதுவும் 95ஐ அச்சாக வைத்து. ஓர் உதாரணம்: வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு 608, பச்சை 606, நீலம் 566 என்று வைத்துக்கொள்வோம். 95ஐக் கழித்தால் பச்சை 511, நீலம் 471. 511ஐ 471ஆல் வகுத்தால் 1.085. நீலத்துக்கு அந்தக் கெயின். பேஸ் நகராது, நடுப்பகுதியும் தானாக ஒழுங்குக்கு வரும்.

இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொள்ளாமல் வீலைத் திருகிக்கொண்டே போனால் ஷாட்டுக்கு ஒரு மாதிரி வரும். எது என்று தெரிந்துவிட்டால் ஸ்டாக்குக்கு ஒரு திருத்தம் போதும், ரோல் முழுக்க ஓடும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். ஃபிலிம் ஒழுங்காக நடந்துகொள்ளும் பொருள். அது விலகும்போதும் கணக்கோடுதான் விலகும்.

இனி டைமிங் சீட்டு. 27-31-24 என்பது சிவப்பு, பச்சை, நீல விளக்கின் அளவு. அளவுகோல் 1 முதல் 50 வரை, நடு 25. எண் கூடினால் பிரிண்டுக்கு அந்த ஒளி கூடுதல். பிரிண்டில் அந்தச் சேனல் இருளும். ஆகவே உங்கள் ஃபைலில் ஒரு பாயின்ட் கூடினால் 12.5 எண் இறங்க வேண்டும். அந்த லேபின் இயல்பு நிலை எதுவென்று நமக்குத் தெரியாது. அதனால் எண்ணை முழுசாக எடுத்துக்கொள்ளாமல், ஷாட்டுக்கு ஷாட் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். நன்றாக வெளிச்சம் விழுந்த ஒரு பகல் ஷாட்டைக் கண்ணால் பார்த்துச் சரி செய்து அதைத் தொடக்கமாக வையுங்கள். அதன் சீட்டு எண் 27-31-24, அடுத்த ஷாட் 30-31-24 என்றால், அடுத்ததில் சிவப்பை 37, 38 எண் இறக்கிப் பாருங்கள். படம் எடுத்தவர்கள் அன்று திரையில் பார்த்து ஒப்புக்கொண்ட நிறத்துக்கு இதைவிடப் பக்கத்தில் கொண்டு போகும் சாட்சி வேறு எதுவும் உங்களிடம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. சீட்டு எண்ணைப் போடும்போது மேலே சொன்ன பேஸ் ஆஃப்செட்டை நீக்கிவிடுங்கள். டைமர் கொடுத்த எண்ணிலேயே 7294இன் பேஸ் வித்தியாசம் அடங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இருமுறை கழித்ததாகிவிடும். பிரிண்ட் போட்ட பிறகு வந்த மங்கலுக்கு மட்டும் தனித் திருத்தம் வேண்டும், அது அவர் பார்க்காதது.

நிறவெளி:

ஏசஸ் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். சினியான் லாக்கை ஏசஸுக்குள் கொண்டுவர ஏடிஎக்ஸ்10 என்ற உள்ளீடு இருக்கிறது. அதுவும் இதே கணக்குதான்: பேஸ் 95, அடர்த்தி 1.0க்கு 500 எண். படத்தில் டிஜிட்டல் கேமரா காட்சிகளோ கிராஃபிக்ஸோ கலக்கப் போகிறீர்கள் என்றால் ஏசஸில் போவது நல்லது. எல்லாம் ஒரே காட்சி ஒளி அளவுக்கு வந்துவிடும்.

டைமர்25:

நிறவெளி சொல்வது சரி. கலப்பு வேலைக்கு நானும் அதைத்தான் செய்வேன். இந்தப் படத்துக்கு எனக்கு அது அவசியமாகத் தெரியவில்லை. முழுக்க நெகட்டிவிலிருந்து வந்த படம், பிரிண்டாகத் திரையில் பார்க்கவே எடுக்கப்பட்டது. நெகட்டிவ், பிரிண்ட் லட், திரை என்ற நேர்வழியே அதன் இயல்பு.

ஏசஸில் போனாலும் பேஸ் சரி செய்யும் வேலை தப்பாது. ஏடிஎக்ஸ் எதிர்பார்ப்பது பிரிண்டிங் டென்சிட்டி, அதாவது ஒரு பிரிண்ட் ஸ்டாக் பார்க்கும் அடர்த்தி. ஸ்கேனரின் எல்ஈடி விளக்கும் சென்சரும் பார்ப்பது கொஞ்சம் வேறு. குறுகிய அலைநீளத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக மினுக்கி கறுப்பு-வெள்ளை சென்சரில் பதிவு செய்யும் ஸ்கேனர் ஒரு விதம். வெள்ளை விளக்கில் கலர் சென்சரில் ஒரே தடவையாகப் பிடிக்கும் ஸ்கேனர் இன்னொரு விதம். இரண்டாவதில் ஒரு சாயத்தின் நிழல் பக்கத்து சேனலிலும் விழும், நிறங்கள் கொஞ்சம் அழுக்காக வரும். அதை மேட்ரிக்ஸ் (சேனல்களின் கலப்பை நீக்கும் கணக்கு) போட்டுப் பிரிக்கிறார்கள். அந்த மேட்ரிக்ஸ் இன்றைய கோடக் விஷன்3 ஃபிலிமின் சாயங்களுக்காகப் போட்டதாக இருந்தால் 7247க்கு முழுசாகப் பொருந்தாது. சாம்பல் சரியாக இருந்தும் இலைப்பச்சையும் தோலும் ஒட்டாமல் இருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். ஆஃப்செட்டும் கெயினும் அதைத் தொடாது. ஸ்கேன் செய்தவர்களிடம் எந்த மேட்ரிக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

லட்டைப் பற்றியும் ஒன்று. 2383 வந்தது 1990களின் பிற்பகுதியில். உங்கள் படம் அதற்கு முந்தைய ஸ்டாக்கில் பிரிண்ட் ஆனது. அதன் கறுப்பும் சாயமும் வேறு. 2383 லட் அழகாக இருக்கும், நானும் தொடக்கத்துக்கு அதைத்தான் வைப்பேன். கறுப்பு தேவைக்கு மேல் ஆழமாக இறுக்கினால் லட்டின் வீரியத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

சுருள்பெட்டி:

7294 ஷாட்களுக்கு ஆஃப்செட் போட்டுப் பார்த்தேன். உள்ளரங்கு ஷாட்கள் எல்லாம் அப்படியே ஒழுங்குக்கு வந்துவிட்டன, பக்கத்து 7247 ஷாட்டோடு ஒட்டுகிறது. இரவு ஷாட்கள் சிலவற்றில் மட்டும் நிழல் சரியாகி, விளக்கைச் சுற்றியும் நெற்றியிலும் மெஜந்தா தெரிந்தது. நீங்கள் சொன்ன ஃபாக்தான் போல. பச்சையைப் பாதிக்கு மட்டும் இறக்கிவிட்டு மீதியை நிழலில் எடுத்ததும் போய்விட்டது. இன்னொரு பிரதியில் பேஸ் ஆஃப்செட்டை எடுத்துவிட்டு டைமிங் சீட்டின் வித்தியாசங்களைப் போட்டுப் பார்த்தேன். முதல் ரீலில் பெரும்பாலான ஷாட்களுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

குவிக்டைம் விஷயம் மட்டும் பாக்கி. ரிசால்வில் ஒன்று, அங்கே ஒன்று.

நிறவெளி:

அது ஃபிலிமோடு சம்பந்தப்பட்டதே இல்லை. நீங்கள் ரெக்.709 (எச்டி வீடியோவின் நிறத் தரம்), திரையின் காமா 2.4 என்று வைத்து கிரேட் செய்திருப்பீர்கள். ஃபைலில் 1-1-1 என்ற நிறக் குறிப்பு முத்திரை விழுகிறது. மேக் அந்த முத்திரையைக் கண்டதும் 2.4ஐவிடக் குறைந்த காமாவில் படத்தைக் காட்டுகிறது, அதனால் வெளிறித் தெரிகிறது. ஃபைலுக்குள் எண் மாறவில்லை. ஃபைலை மறுபடி ரிசால்வுக்குள் கொண்டுவந்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றாகவே இருக்கும். அந்தத் திரையைப் பார்த்து கிரேடைத் திருத்தாதீர்கள். வீடியோ அவுட்புட் கார்டு வழியாக அளவீடு செய்த மானிட்டருக்கு நேராக அனுப்பி, மங்கலான அறையில் பாருங்கள். தியேட்டருக்கு டிசிபி (அங்கே ஓட்டும் டிஜிட்டல் பிரதி) எடுக்கும்போது காமா 2.6, வெண்மையின் ஒளிர்வு 48 நிட். அதற்குத் தனியாக ஒரு வெளியீடு, அதையும் புரொஜெக்டரில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

காப்பகவாசி:

வேலை முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். ஸ்கேன் செய்து வந்த டிபிஎக்ஸை ஒரு பிட் கூட மாற்றாமல் இரண்டு இடத்தில் வையுங்கள். ஹெடர் தப்பு என்பதற்காக அந்த மூலப் பிரதியில் கை வைக்க வேண்டாம். திருத்திய ஹெடர் வேண்டுமென்றால் வேலைப் பிரதியில் திருத்துங்கள். கூடவே ஓர் உரை ஃபைல்: ஸ்கேனரின் பெயர், பேஸ் எந்த ஸ்டாக்கில் அமைக்கப்பட்டது, இரண்டு ஸ்டாக்கின் விளிம்பு எண்கள், 801ஆம் பைட்டில் லீனியர் என்று இருந்தாலும் உள்ளே லாக் என்ற குறிப்பு, எந்த லட், அந்த லட் ஃபைலே. டைமிங் சீட்டை இரு பக்கமும் படம் எடுத்து அதோடு சேருங்கள். மூலச் சீட்டை நெகட்டிவ் கேனுக்குள் திரும்ப வைக்காதீர்கள், தனி உறையில் வையுங்கள். பழைய காகிதத்தின் அமிலம் ஃபிலிமுக்கு ஆகாது.

டைமர்25:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்தவர்களிடம் ரோல்களை இன்னொரு முறை கொடுக்கும் வாய்ப்பு இருந்தால், 7294 ஷாட்களை மட்டும் அதன் சொந்த பேஸில் 95ஐ அமைத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். 25 எண் இறக்கியதில் தரம் கெட்டுவிடவில்லை, இப்போதைய ஃபைலே போதும். ஆனால் அந்த இரவு ஷாட்களில் ஃபாக் எவ்வளவு, பேஸ் எவ்வளவு என்பது அப்போது இன்னும் துல்லியமாகத் தெரியும். அடுத்த ரீலில் 7294 ஷாட் நிறைய இருக்கிறதா? இருந்தால் அந்த ரீலை அனுப்பும்போதே ஸ்டாக் வாரியாக பேஸ் அமைக்க வேண்டும் என்று ஆர்டரில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எந்தெந்த அடியில் ஸ்டாக் மாறுகிறது என்ற பட்டியலை உங்கள் டைமிங் சீட்டின் அடிக் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம்.